குனிதலும் தூக்குதலும்: முதுகு நோவின் காரணமும் தடுப்பும்

ஏப்ரல் மாதம் பிறந்ததும் பஞ்சாப், ஹரியானா மாநிலங்களின் தானிய மண்டிகளில் கோதுமை குன்றுகளாகக் குவிகிறது. அதனைச் சாக்குகளில் நிரப்பி, நிறுத்து, தைத்து, லாரியில் ஏற்றும் வேலை 'பல்லேதார்' எனப்படும் சுமையாளர்களுடையது. மூட்டை ஒன்றின் எடை 50 கிலோ. கூலி பெரும்பாலும் மூட்டைக் கணக்கில்தான். இத்தகைய சுமையாளர் ஒருவர், நாள் முழுதும் மூட்டை தூக்கியபின், மாலையில் தரையில் விழுந்த துண்டை எடுக்கக் குனிகிறார், அவ்வளவில் இடுப்பில் ஏதோ பற்றிக்கொள்கிறது, நிமிர இயலவில்லை. மறுநாள் வேலையில்லை, வேலையில்லையேல் கூலியுமில்லை.

50 கிலோ மூட்டை செய்யாத கேட்டை ஒரு துண்டு செய்தது எவ்வாறு? இக்கேள்விக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கம். விடை தெரிந்துகொண்டால், வயலிலும் மண்டியிலும் பள்ளிச் சமையற்கூடத்திலும் முதுகைக் காக்கும் வழி தானே புலப்படும்.

தொழிலால் உடலுக்கு நேரும் தீங்கு பண்டே ஆராயப்பட்ட பொருள். இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமாஸினி 1700இல் வெளியிட்ட தொழிலாளர் நோய்கள் பற்றிய நூலில் சுமை தூக்குவோரைப் பற்றியும் எழுதியுள்ளார். எனினும் நோவு குறைந்தபாடில்லை. 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 61 கோடியே 90 லட்சம் மக்கள் இடுப்பு நோவுற்றிருந்தனர் என்று மதிப்பிடப்பட்டது. மனிதரைச் செயலிழக்கச் செய்யும் காரணங்களுள் இதுவே முதலிடம் வகிக்கிறது. இக்காயத்தில் இரத்தம் சிந்துவதில்லை, எலும்பும் முறிவதில்லை. ஆதலால் இது விபத்துக் கணக்கில் ஏறாமலே போகிறது.

1. முதுகெலும்பின் அமைப்பு

முதுகெலும்பு 33 முள்ளெலும்புகளால் ஆயது. கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5. இவற்றின் கீழே ஒன்றாய் இணைந்த திரிக எலும்புகள் 5, வாலெலும்புகள் 4. கழுத்து, மார்பு, இடுப்பு ஆகிய பகுதிகளில் அடுத்தடுத்த எலும்புகளுக்கிடையே மெத்தை போன்ற வட்டுகள் அமைந்துள்ளன. வட்டின் புறத்தே உறுதியான நார் வளையங்கள் வெங்காயத் தோல்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். நடுவே நீர் மிகுந்த கூழ் போன்ற கரு இருக்கும். பாரம் ஏறும்போது கரு அழுந்தி, அவ்வழுத்தத்தை எல்லாப் பக்கமும் பரப்புகிறது. நார் வளையங்கள் அதனைத் தாங்கிக்கொள்கின்றன.

வட்டைப் பற்றி இரண்டு செய்திகளை நினைவிற் கொள்ளவேண்டும். ஒன்று, வளர்ந்த மனிதரின் வட்டினுள் இரத்தக்குழாய்கள் நுழைவதில்லை. புறப்பகுதியில் மட்டுமே சில உண்டு. உட்பகுதிக்கு வேண்டிய ஊட்டம் அடுத்துள்ள எலும்பிலிருந்து மெல்ல ஊறி வரவேண்டும். ஆகவே வட்டில் கீறல் விழுந்தால் எளிதில் ஆறாது. மற்றொன்று, வலியை உணரும் நரம்புகள் வட்டின் புற ஓரத்தில் மட்டுமே பரவியுள்ளன. உள் வளையங்கள் சிதையும்போது உடையவர் அதனை உணர்வதில்லை. சேதம் ஓரத்தை எட்டும்போதுதான் நோவு தோன்றுகிறது.

வட்டின் கரு பிதுங்கி நரம்பை அழுத்துவதுண்டு என்பதை 1934இல் அமெரிக்க மருத்துவர்கள் மிக்ஸ்டர், பார் ஆகிய இருவரும் தெளிவாக எடுத்துக்காட்டினர். இவ்வாறு பிதுங்குவது பெரும்பாலும் இடுப்பின் கடைசி இரண்டு வட்டுகளிலேயே. எனினும் இடுப்பு நோவு எல்லாவற்றிற்கும் வட்டே காரணம் என்று கொள்ளலாகாது. தசையும் தசைநாரும் சிறு மூட்டுகளும் நோகலாம். வயது, பரம்பரை, மனக்கவலை ஆகியவற்றிற்கும் பங்குண்டு. நோவு சிறிதுமில்லாதவர் பலரின் வட்டுகளிலும் தேய்வு காணப்படுகிறது.

2. நெம்புகோல் கணக்கு

குனிந்து தூக்கும் உடல் ஒரு நெம்புகோல். இடுப்பின் கடைசி வட்டு அதன் ஆதாரப் புள்ளி. முன்புறம் உடலின் மேற்பகுதியும் கையிலுள்ள சுமையும் கீழ்நோக்கி இழுக்கின்றன. பின்புறம் முதுகுத் தசைகள் அவற்றிற்கு ஈடுகொடுத்து இழுத்துப் பிடிக்கின்றன. ஆனால் தசைகளின் புயம் மிகக் குறுகியது. ஆதாரப் புள்ளியிலிருந்து ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் மட்டுமே. சுமையோ 40, 50 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கிறது.

60 கிலோ எடையுள்ள ஒருவர் குனிந்து, தரையிலுள்ள 20 கிலோ சுமையைத் தூக்குவதாகக் கொள்வோம். இடுப்புக்கு மேலுள்ள உடற்பகுதியின் எடை ஏறத்தாழ 30 கிலோ. குனிந்த நிலையில் அதன் எடைமையம் ஆதாரத்திலிருந்து 25 செ.மீ. முன்னே உள்ளது. சுமை 45 செ.மீ. முன்னே உள்ளது.

உடலின் திருப்புதிறன்: 30 × 25 = 750
சுமையின் திருப்புதிறன்: 20 × 45 = 900
மொத்தம்: 1,650
தசை இழுக்கவேண்டிய விசை: 1,650 ÷ 5 = 330 கிலோ

தசை இழுக்கும் விசை முழுவதும் வட்டின்மேல் அமுக்கமாக விழுகிறது. அதனோடு உடலும் சுமையும் தரும் பாரத்தில் ஒரு பகுதியும் சேர, வட்டு தாங்குவது 350 கிலோவை எட்டுகிறது. அமெரிக்க நாட்டின் தேசியத் தொழிற்பாதுகாப்பு சுகாதார நிறுவனம் இடுப்பு வட்டின் அமுக்கத்திற்கு வகுத்துள்ள எல்லையும் ஏறத்தாழ இதுவே, 3,400 நியூட்டன். கையிலிருப்பது 20 கிலோ. வட்டின்மேல் இருப்பதோ அதனைப்போல் 17 மடங்கு.

இனிச் சுமையை நீக்கிவிட்டுக் கணக்கிட்டால், உடலின் திருப்புதிறன் 750 மட்டும் எஞ்சும். அதனை 5ஆல் வகுக்க 150 கிலோ வருகிறது. வெறுங்கையுடன் குனிவதற்கே தசை 150 கிலோ விசையுடன் இழுக்கவேண்டும். தரையிற் கிடப்பது துண்டாயினும் துரும்பாயினும் இக்கணக்கு மாறாது.

3. அளந்து கண்ட உண்மை

இது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. ஸ்வீடன் நாட்டு மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன் 1960களில் உயிருள்ள மனிதரின் இடுப்பு வட்டினுள் நுண்ணூசியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார். 1999இல் ஜெர்மனியில் வில்கேயும் அவருடைய குழுவினரும் புதிய கருவி கொண்டு ஒரு தொண்டரின் வட்டில் இதனை மீண்டும் அளந்தனர். அவர்கள் கண்ட அளவுகள் வருமாறு:

மல்லாந்து படுத்திருக்கையில்: 0.1 மெகாபாஸ்கல்
நேரே நிற்கையில்: 0.5
முன்னே குனிந்து நிற்கையில்: 1.1
20 கிலோ சுமையை உடலோடு அணைத்து நிற்கையில்: 1.1
20 கிலோவை முழங்கால் மடக்கித் தூக்குகையில்: 1.7
20 கிலோவை முதுகு வளைத்துத் தூக்குகையில்: 2.3

மூன்றாம் வரியும் நான்காம் வரியும் ஒரே அளவைக் காட்டுகின்றன. வெறுங்கையுடன் குனிவதும், 20 கிலோவை மார்போடு அணைத்து நிமிர்ந்து நிற்பதும் வட்டுக்கு ஒன்றே. சுமையை மட்டும் எண்ணிக் குனிதலை எண்ணாதவர் பாதிக் கணக்கையே எண்ணுகின்றனர்.

4. துண்டு எடுத்தவருக்கு நேர்ந்தது என்ன?

ஒரு கம்பியை ஒருமுறை வளைத்தால் முறிவதில்லை. அதே இடத்தில் பன்முறை வளைத்தால் முறிந்துவிடுகிறது. எலும்பும் நாரும் இத்தகையனவே. ஒரே தடவையில் தாங்கக்கூடிய பாரமே நூறு தடவை ஏறும்போது நுண்ணிய பிளவுகளை உண்டாக்குகிறது. ஓய்வு போதுமாயின் உடல் ஓரளவு அவற்றைச் சீர்செய்துகொள்ளும். ஓய்வு குறையின் சேதம் சேர்ந்துகொண்டே போகும். முற்கூறியவாறு, உள்ளே சேரும் சேதம் நோவதுமில்லை.

நெடுநேரம் குனிந்திருத்தலில் வேறொரு கேடும் உண்டு. முழுதும் குனிந்த நிலையில் முதுகுத் தசைகள் தளர்ந்து ஓய்ந்துவிடுகின்றன. உடலின் பாரத்தை எலும்புகளைப் பிணைக்கும் பந்தகங்களே தாங்குகின்றன. அவை மெல்ல நீண்டு தொய்கின்றன. நிமிர்ந்த உடனே அவை பழைய நிலைக்கு மீள்வதில்லை. சில நிமிடங்கள் செல்லவேண்டும். கங்கைச் சமவெளியில் நெல் நாற்று நடும் பெண்கள் மணிக்கணக்கில் குனிந்திருந்து, கரையேறிய உடனே நாற்று முடிகளையோ நீர்க்குடத்தையோ தூக்குவதுண்டு. தொய்ந்த முதுகின்மேல் பாரம் ஏறும் நேரம் அது. நிமிர்ந்து சிறிது நடந்தபின் தூக்கினால் இவ்விடர் குறையும்.

காலை வேளையும் அத்தகையதே. இரவில் படுத்திருக்கையில் வட்டுகள் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. காலையில் மனிதன் மாலையைவிட ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருப்பது இதனாலேயே. பருத்த வட்டு வளையும்போது அதன் நார்களில் இழுவிசை மிகுகிறது. நாட்பட்ட நோவுடையோர் விழித்தெழுந்த சில மணி நேரம் குனிதலைத் தவிர்த்தபோது நோவு குறைந்ததென 1998இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டிற்று. எழுந்தவுடன் குறுங்கைப்பிடி விளக்குமாறு கொண்டு முற்றம் பெருக்குவது இந்திய இல்லங்களில் நாள்தோறும் நிகழ்வது. நோவுடையவர் அவ்வேலையைச் சற்றுப் பிந்திச் செய்தலோ நீண்ட கைப்பிடி அமைத்தலோ நன்று.

இப்போது முதற் கேள்விக்கு விடை கூறலாம். சுமையாளரைத் துண்டு வீழ்த்தவில்லை. காலை முதல் தூக்கிய மூட்டைகள் அவருடைய முதுகைத் தளர்த்திவிட்டன. மூட்டை தூக்கும்போது அவர் தசைகளை இறுக்கி எச்சரிக்கையாய் இருந்தார். துண்டுக்குக் குனிந்தபோது அவ்வெச்சரிக்கை இல்லை; தசையின் விசை மட்டும் 150 கிலோ இருந்தது.

5. 'முழங்காலை மடக்கு' என்னும் அறிவுரை

முதுகை வளைக்காமல், முழங்காலை மடக்கி, சுமையை உடலோடு அணைத்துத் தூக்கவேண்டும் என்பது நெடுங்காலமாகக் கற்பிக்கப்படும் பாடம். மேற்காட்டிய அளவுகளின்படி அது பொய்யன்று. ஆயினும் அப்பாடம் ஒன்றே முதுகைக் காக்கவில்லை. பல நாட்டு ஆய்வுகளை ஒருங்கு திரட்டி 2008இலும் 2011இலும் வெளியான தொகுப்பாய்வுகள், தூக்கும் முறையில் பயிற்சி தருவதால் மட்டும் தொழிலாளரின் முதுகு நோவு குறைந்ததாகச் சான்றில்லை என்றே முடிவு கூறின.

இதன் காரணம் களத்தில் நின்று பார்ப்பவர்க்கு விளங்கும். முழங்கால் மடக்கி எழும்போது சுமையோடு தன் உடல் முழுவதையும் தூக்கவேண்டியிருக்கிறது. களைப்பு விரைவில் வருகிறது. பருத்த மூட்டை முழங்கால்களுக்கிடையே அடங்காது. அது முழங்கால்களுக்கு முன்னே நின்றால் தொலைவு கூடி, பாரமும் கூடும். மூட்டைக் கணக்கில் கூலி பெறுபவர் முந்நூறாவது மூட்டைக்கும் முழங்காலை மடக்குவார் என்று எதிர்பார்ப்பது முறையன்று. அவர் அறியாமையால் தவறு செய்பவர் அல்லர். வேலையின் அமைப்பே அவரைக் குனியவைக்கிறது.

இடுப்பிற் கட்டும் பட்டையும் இத்தகையதே. நோவில்லாதவர் அதனை அணிவதால் காயம் தடுக்கப்படும் என்பதற்குச் சான்றில்லை என 1994இல் மேற்படி அமெரிக்க நிறுவனம் அறிவித்தது.

6. வேலையை உடலுக்கேற்ப அமைத்தல்

உடலை வேலைக்கு வளைப்பதை விடுத்து, வேலையை உடலுக்கேற்ப அமைப்பதே பயன்தரும் வழி. மேற்படி நிறுவனம் 1991இல் திருத்தி வெளியிட்ட சமன்பாடு இதற்குத் துணைபுரியும். மிக நல்ல நிலையில், எப்போதாவது தூக்குபவர்க்கு ஏற்ற சுமை 23 கிலோ என்று அது தொடங்குகிறது. நிலை பிசகும்போதெல்லாம் இவ்வளவு குறைந்துகொண்டே வரும்.

தரையிற் கிடக்கும் மூட்டையைக் கைகள் பற்றும் உயரம் 15 செ.மீ.; கணுக்காலிலிருந்து முன்னே 40 செ.மீ.; தூக்கி வைக்கும் உயரம் 75 செ.மீ. என்க.

தொலைவுக் குறைப்பு: 25 ÷ 40 = 0.625
உயரக் குறைப்பு: 1 − (0.003 × 60) = 0.82
ஏற்றக் குறைப்பு: 0.82 + (4.5 ÷ 60) = 0.895
ஏற்ற சுமை: 23 × 0.625 × 0.82 × 0.895 = ஏறத்தாழ 10.5 கிலோ

அதே மூட்டை 75 செ.மீ. உயரமுள்ள மேடைமேல், உடலை ஒட்டி 25 செ.மீ. தொலைவில் இருந்து, அதே உயரத்திற்கு மாற்றப்படுமாயின், குறைப்பு எதுவுமில்லை. ஏற்ற சுமை 23 கிலோவாகிறது. மனிதர் அவரே; மூட்டை அதுவே. ஒரு மேடை மட்டும் அவருடைய திறனை இரு மடங்காக்கிற்று. இச்சமன்பாடு அமெரிக்கத் தொழிலாளரை எண்ணி வகுக்கப்பட்டதாதலின், மெலிந்த உடலினர்க்கு இதனினும் குறைவாகவே கொள்ளல் தகும்.

இக்கணக்கிலிருந்து பெறப்படும் வழிகள்:

(அ) தரையை விலக்குக. மூட்டை, அரிசிச் சிப்பம், உரப்பை, நீர்க்குடம் ஆகியவற்றை இடுப்பளவு உயரமுள்ள திண்ணையிலோ மேடையிலோ வைக்கவும். 16 லிட்டர் கொள்ளும் முதுகுத் தெளிப்பானில் நீர் மட்டுமே 16 கிலோ. அதனைத் தரையிலிருந்து தூக்கி மாட்டாமல், மேடைமேல் வைத்து நிரப்பி, திரும்பி நின்று தோளில் மாட்டிக்கொள்க.

(ஆ) சுமையைப் பகுக்க. முற்காலத்தில் 100 கிலோவை நெருங்கிய தானிய மூட்டை 50 கிலோவாயிற்று. யூரியா உரப்பை 2018இல் 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைக்கப்பட்டது. பள்ளிச் சமையற்கூடத்தில் 50 கிலோ அரிசியை ஒருவர் இழுத்துச் செல்வதைவிட, சிறு பாத்திரங்களில் முகந்து செல்வதே தக்கது.

(இ) தூக்காமல் நகர்த்துக. தள்ளுவண்டி, சாய்வுப் பலகை, உருளை ஆகியவை இருக்குமிடத்தில் தூக்கவேண்டியதில்லை. பெரிய அண்டாவை அடுப்பின்மேல் வைத்தபின் குழாய் வழியாகவோ குவளையாலோ நீர் நிரப்பலாம். 30 லிட்டர் நீர் 30 கிலோ என்பதை மறவற்க.

(ஈ) இருவர் சேர்க. மூட்டையை ஒருவரே முதுகில் ஏற்றிக்கொள்ளாமல், இருவர் இருபுறமும் பற்றி, ஒரே சொல்லுக்கு ஒருங்கே தூக்கவேண்டும்.

(உ) உடலைத் திருகற்க. சுமையுடன் இடுப்பைத் திருப்பாமல், காலடியை மாற்றி வைத்து முழு உடலையும் திருப்புக.

(ஊ) கைப்பிடியை நீட்டுக. நீண்ட கைப்பிடி விளக்குமாறு, நின்றபடி தள்ளும் கோனோ களையெடுப்பான் ஆகியவை குனிதலையே நீக்குகின்றன. வரிசை நடவு செய்த வயலில்தான் களையெடுப்பான் ஓடுமாதலின், அதனை நடவின்போதே திட்டமிடவேண்டும்.

(எ) வேலையை மாற்றுக. குனியும் வேலையையும் நிமிரும் வேலையையும் மாறி மாறி அமைத்து, இடையே சிறு ஓய்வு தருக.

7. சட்ட எல்லையும் உடலின் எல்லையும்

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தன் 34ஆம் பிரிவில், தீங்கு விளைக்கக்கூடிய பாரத்தை எவரையும் தூக்கவோ சுமக்கவோ நகர்த்தவோ ஏவலாகாது என விதித்தது. 1967இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய 128ஆம் பரிந்துரை, வளர்ந்த ஆண் ஒருவர் தூக்கும் உச்ச எடையை 55 கிலோ எனக் குறித்தது. இந்தியாவில் கட்டடத் தொழிலாளர்க்கென 1998இல் செய்யப்பட்ட மத்திய விதிகள் ஆணுக்கு 55, பெண்ணுக்கு 30 கிலோ என வகுத்தன.

இவை கடக்கலாகாத உச்ச வரம்புகள். நாள்தோறும் தூக்கத்தக்க அளவுகள் அல்ல. 50 கிலோ மூட்டை இவ்வரம்பினுள் அடங்கும்; ஆயினும் தரையிலிருந்து தூக்குபவர்க்கு உடல் வகுக்கும் வரம்பு ஏறத்தாழ 10 கிலோவே என்று மேலே கண்டோம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பெரும் பள்ளத்தை மேடையும் வண்டியும் துணையாளும்தான் நிரப்பவேண்டும். வயலிலும் சிறு கடையிலும் வீட்டிலும் உழைப்போரைச் சட்டத்தின் கண்காணிப்பு எளிதில் எட்டுவதில்லை. அவர்களை எட்டக்கூடியவர் களப் பணியாளரும் ஆசிரியருமே.

8. நோவு கண்டபின் செய்யத்தக்கது

திடீரென வரும் இடுப்பு நோவு பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தணிந்துவிடும். பாயோடு பாயாகக் கிடத்தல் நன்மை தராது. 1986இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வில் 7 நாள் படுக்கை ஓய்வு பெற்றவரைவிட 2 நாள் பெற்றவர் விரைவில் வேலைக்குத் திரும்பினர். 1995இல் பின்லாந்தில் நடந்த ஆய்வில், இயன்ற அளவு வழக்கமான நடமாட்டத்தைத் தொடர்ந்தவர்களே நன்கு தேறினர். கடுஞ்சுமையை மட்டும் சில நாள் விலக்கி, நடந்து, எளிய வேலைகளைச் செய்துவருதல் தக்கது. வேலை கொடுப்பவர் அத்தகைய எளிய வேலையைத் தருவாராயின் கூலியும் நிற்காது, உடலும் தேறும்.

கீழ்க்காணும் குறிகளுள் ஒன்று தோன்றினும் தாமதமின்றி மருத்துவரிடம் அனுப்புக: சிறுநீர் அல்லது மலம் அடக்க இயலாமை அல்லது சிறுநீர் வெளிவராமை, தொடையிடுக்கில் மரத்துப்போதல், கால் வலுவிழத்தல், காய்ச்சலுடன் கூடிய முதுகு நோவு, காரணமின்றி உடல் மெலிதல், விழுந்தபின் வந்த கடும் நோவு. முதலிற் கூறிய மூன்றும் நரம்பு நசுங்குதலின் அறிகுறிகளாகலாம். அதே நாளில் மருத்துவமனை சேர்க்கவேண்டும்.

9. வகுப்பறைச் செய்முறை

ஒரு மீட்டர் அளவுகோலை நடுவில் கயிற்றால் தொங்கவிடுக. ஒருபுறம் நடுவிலிருந்து 45 செ.மீ. தொலைவில் 100 கிராம் மணற்பையைக் கட்டுக. மறுபுறம் 5 செ.மீ. தொலைவில் எத்துணை எடை கட்டினால் கோல் சமநிலை பெறும் என்று மாணவரைக் கேட்டு, பின் செய்து காட்டுக. 900 கிராம் வேண்டும். 45 செ.மீ. தொலைவிலுள்ள பையை 15 செ.மீ.க்கு நகர்த்தினால் 300 கிராமே போதும். சுமையை உடலோடு அணைப்பதன் பயன் இதனால் விளங்கும்.

மாணவர் தம் உயரத்தைக் காலையில் எழுந்தவுடனும் இரவில் படுக்குமுன்னும் சுவரில் குறித்து ஒப்பிடலாம். வீட்டில் நீர் எடுப்பவர், பெருக்குபவர், சமைப்பவர் ஒரு நாளில் எத்தனை முறை குனிகின்றனர் என்று எண்ணி எழுதி வருமாறும் பணிக்கலாம். அக்கணக்கைப் படித்தபின், எந்தப் பொருளை உயரத்தில் வைத்தால் எத்தனை குனிதல் மிஞ்சும் என்று வகுப்பில் ஆராய்க.

வினாக்கள்

1. உடலின் மேற்பகுதி 30 கிலோ, 25 செ.மீ. முன்னே, சுமை 10 கிலோ, 45 செ.மீ. முன்னே. முதுகுத் தசையின் விசை யாது? (விடை: 240 கிலோ.) சுமையை 25 செ.மீ.க்கு இழுத்துக்கொண்டால் யாது? (விடை: 200 கிலோ.)
2. வட்டின் உட்சேதம் நோவாக வெளிப்படத் தாமதிப்பதேன்?
3. நடவு முடித்தவர் உடனே சுமை தூக்கலாகாது என்பதற்குக் காரணம் கூறுக.
4. தும் பள்ளியிலோ அலுவலகத்திலோ தரையிலிருந்து தூக்கப்படும் பொருள்களைப் பட்டியலிட்டு, அவற்றுள் மேடையேற்றக் கூடியவற்றைக் குறிக்க.